இலையை விட்டு எழுந்த அமெரிக்கன்

"இன்னா சாமி, உங்க ஊட்டுத் தொரைக்கு நீங்க சோறு போட்றதில்லியா?"

போன சனிக்கிழமை சாயங்காலம் லஸ் முனையில் டிராமை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, வாழைப்பழக் கடைக்காரர் என்னைக் கேட்ட கேள்வி இது. நடுத்தெருவில்... நாலு பேர் காதில் நன்றாக விழும்படி.

"தெனம் காலேஜுக்குப் போசொல்லோ இங்க வந்து நிக்கிறாரு சாமி. சீப்பு சீப்பா துண்றாரு. பாத்தா பாவமா கீது."

'தொர' என்று அவர் சொன்னது ராபர்ட்டை. அமெரிக்காவில் எம்.ஏ. முடித்துவிட்டு, நம் ஊர்க் கோயில்களின் சரித்திரத்தை ஆராய்ச்சி செய்ய இங்கே யூனிவர்சிடியில் சேர்ந்திருக்கிறான். மயிலாப்பூரில் எங்கள் மாடி அறையில் வாசம். ஹோட்டல் சாப்பாடு அவனுக்கு ஆகாது, ஒரு வேளையாவது வீட்டில் போடுங்கள் என்று அவனுடைய புரொபஸர் கேட்டுக்கொண்டதால் காலைச் சாப்பாடு எங்களோடு. வந்து இன்னும் ஒரு மாசம் ஆகவில்லை. வந்த அன்று வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றான். இப்போது அவன் சட்டைக்குள் இன்னொருவரும் தாராளமாக நுழையலாம்.

"விசாரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் ராபர்ட்டே காத்துக்கொண்டிருந்தான்.

"நீங்கள் எல்லோரும் ரொம்ப அன்பாக இருக்கிறீர்கள்" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தான். இப்படி ஆரம்பித்தால் விஷயம் மோசம் என்று அர்த்தம். "ஆனால் இந்த நாடு என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. லைப்ரரியில் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. படிப்பை விட்டுவிட்டு அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விடலாம் என்று பார்க்கிறேன்."

சாப்பாடு பிடிக்கவில்லையா என்று கேட்டேன். பிரமாதம் என்றான். பிரமாதமான சாப்பாட்டைச் சாப்பிடுகிறவன் எதற்காக இளைக்கிறான்?

சமையலறைக்குப் போய் என் மனைவி மங்களத்தைக் கேட்டேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் என்னன்னா பண்ணட்டும்? கறி, கூட்டு, பருப்பு, சாதம் எல்லாம் போட்டு உக்கார வெக்கறேன். நாலு வாய் சாப்பிடறார். குழம்பை எடுத்துண்டு வரேன், எழுந்துடறார். தினமும் இதே கதை. என் ரசம் எப்படி இருக்கும்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. என் சமையல் அவ்வளவு மோசமா?"

இலையை விட்டு எழுந்தால் எழுந்ததுதான். சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். திரும்ப உட்காருகிற வழக்கம் நம் வீடுகளில் ஏது? அவன் எழுந்த உடனேயே இலையை எடுத்து, இடத்தையும் துடைத்துவிடுவாள். நான் ஒன்பது மணிக்கே ஆபீசுக்கு ஓடிவிடுகிறவன். அவன் அதற்கப்புறம்தான் உட்காருவான். ஞாயிற்றுக்கிழமையானால் கோயில் பார்க்கக் கிளம்பிவிடுவான். ஆகையால் இந்த நாடகத்தை நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஞாயிறு. கோயில்கள் எங்கேயும் ஓடிவிடாது என்று அவனை நிறுத்திவைத்தேன். கூடத்தில் இரண்டு இலை. சம்மணம் போடுவதற்கு அவன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒரு காலை மடக்கினால் இன்னொரு கால் கூடத்தின் மறுகோடிக்குப் போயிற்று. ஒரு வழியாக உட்கார்ந்து, பருப்பு சாதத்தை அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். நல்ல பசி என்று பார்த்தாலே தெரிந்தது.

மங்களம் குழம்போடு வந்தாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு ராபர்ட் எழுந்து நின்றான். மங்களம் நின்றாள். அவன் புன்னகை செய்தான். அவள் என்னைப் பார்த்து, "பாத்தேளா?" என்றாள்.

"ஏன் எழுந்துவிட்டாய்? பசிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"பசிக்கிறது."

"பின்னே?"

உலகம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். "ஒரு பெண்மணி வரும்போது ஆண்பிள்ளை எப்படி உட்கார்ந்திருப்பது?"

"சரி, உடனே இலையை எடுத்துவிடுகிறார்களே, அது ஏன் என்று கேட்கக்கூடாதா?"

தயங்கினான். "தெருவில் ரேஷன் க்யூவைத் தினமும் பார்க்கிறேன். இங்கே எல்லோருக்கும் சாப்பாடு அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் வேண்டும் என்றால், உங்கள் பங்கைக் கேட்கிற மாதிரி ஆகிவிடாதா?"

எனக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நம் பங்குக்காகவா இந்தப் பிள்ளை இத்தனை நாளாக வயிற்றைக் கட்டியிருக்கிறான்?

மங்களத்திடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்காகவா எழுந்துண்டார்?" என்றாள். "குழம்பு கொண்டு வரதுக்கா?"

ஆமாம் என்றேன். அவள் பார்வை என் பக்கம் திரும்பிற்று. நான் உட்கார்ந்திருந்தேன்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் கம்பளிக் கோட்டு, ஊறுகாய், மருந்து என்று யோசித்து யோசித்துப் பெட்டியில் அடுக்குகிறார்கள். மரியாதையை யாரும் எடுத்து வைப்பதில்லை. அது தானாகக் கூட வந்துவிடுகிறது... பட்டினியும் போடுகிறது.

"உக்காரச் சொல்லுங்கோ" என்றாள் மங்களம்.

"அவர்கள் நிற்கும்போது நான் உட்கார மாட்டேன். அவர்கள் உட்கார்ந்தால் உட்காருகிறேன்" என்றான் ராபர்ட்.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? பரிமாறுகிறவள் உட்காருவதாவது! சொல்லிப் பார்த்தேன். அவள் யோசித்தாள். உள்ளே போய் ரசத்தையும் சாதத்தையும் கொண்டுவந்து வைத்தாள். எழுந்த இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டாள். "புது இலைன்னா புதுச் சாப்பாடுதானே" என்று தனக்குத் தானே ஒரு தீர்ப்பு சொல்லிக்கொண்டாள். பிறகு ஒரு மணையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

ராபர்ட்டும் உட்கார்ந்தான்.

குழம்பு போயிற்று. ரசம் மூன்று தடவை போயிற்று. கப்பலைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. மங்களம் அவனுடைய அம்மாவைப் பற்றிக் கேட்டாள், தங்கையைப் பற்றிக் கேட்டாள். நான் மொழிபெயர்த்து மாளவில்லை. சாப்பிடுகிற இடத்தில் உட்கார்ந்து அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கடைசியில் மோருக்கு வந்தோம். மோர் சமையலறையில் இருந்தது. மங்களம் அசையவில்லை. அவள் எழுந்தால் அவனும் எழுந்துவிடுவானே!

"நீங்க போய் எடுத்துண்டு வாங்கோளேன்" என்றாள்.

"நானா? நான் எழுந்தால் என் சாப்பாடு முடிந்துவிடுமே?"

"உங்களுக்கும் புது இலை போட்டாப் போச்சு."

எழுந்தேன். கையை அலம்பிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். ஒரு நிமிஷம் சுற்றுமுற்றும் பார்த்தேன். திரும்பி வந்து, அவளைக் கேட்டேன்:

"மோர் எங்கே இருக்கும்?"