எத்தனை இன்ச்சு வேணுமுங்க?

லேப்டாப் வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான்: தூக்கினால் கனம் தெரியக் கூடாது, விரித்தால் சினிமாத் திரை மாதிரி இருக்க வேண்டும், வேலை என்று வந்தால் லாரி மாதிரி இழுக்க வேண்டும். கடையில் நின்று பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் செருப்பு விற்றாலும் இதே வம்புதான்.

நான் எட்டாவதோடு நின்றவன். கோயம்புத்தூரில் ஒரே கடையில் இருபது வருஷத்துக்கு மேல் டி.வி. விற்றுவிட்டு, அப்புறம் லேப்டாப் பக்கம் வந்தேன். அதற்குள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. எதை வாங்கினவர் ஒரு வாரத்தில் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். போன வருஷம் எங்கள் முதலாளி, 'பிடிக்கவில்லையென்றால் ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம்' என்று வாசலில் போர்டு மாட்டினார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

பல்லடத்து அளவு

பல்லடத்தில் தறி ஓட்டுகிற ஒருவர் பதினைந்தரை இன்ச் லேப்டாப் ஒன்று வாங்கிப் போனார். மூன்றாம் நாள் காலையில், நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றார். கையில் லேப்டாப், சட்டைப் பையில் துணி அளக்கிற டேப். மேஜையில் விரித்து, திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை டேப்பை இழுத்துப் பிடித்தார். பதிமூன்றரைதான் வந்தது. திரையை மூலைக்கு மூலைதான் அளப்பார்கள் என்று நான் அதே டேப்பை வாங்கி அளந்து காட்டினேன். டி.வி.க்கும் அதே கணக்குதான் என்றேன். அவர் அசையவில்லை.

கடையில் இருந்ததிலேயே பெரியதை, பதினேழு இன்ச்சை, எடுத்து வைத்தேன். அது நேராக அளந்தால் பதினைந்து வந்தது. "அரை இன்ச்சு போகட்டும், விடுங்க" என்று பெரிய மனசு பண்ணி அதை எடுத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எங்க தறியில நாப்பத்தெட்டு இன்ச்சுன்னா நாப்பத்தெட்டு இன்ச்சுதானுங்க. மூலைக்கு மூலை அளந்து துணி குடுத்தா ஊருக்குள்ள எங்களை உடுவாங்களா?"

கணபதிக்காரரின் காகிதம்

அடுத்தவர் ஊருக்குள்ளேயே கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். மோட்டார் பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவர் வேலை. அந்த வேலைக்குக் கொஞ்சம் தடிமனானதுதான் சரிப்படும், மெலிசானது சூடாகித் திணறும் என்று சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். அவரோ பதிமூன்று இன்ச்சில் காகிதம் மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதை ஒரு விரலில் தூக்கிக் காட்டினார். கஸ்டமரைப் பார்க்க பைக்கில் போகிறவனுக்கு இதுதான் தோது என்றார்.

ஐந்தாம் நாள் மாற்றிக்கொள்ள வந்தார். ஒரு பல் சக்கரத்தை வரைந்து திருப்பினாராம். அது பாதி திரும்பி நின்றதாம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் பாதியிலேயே நின்றதாம். மடியில் வைத்த இடத்தில் வேட்டி வழியாகச் சுட்டதாம். கோபம்கூட இல்லை, ஏதோ எனக்கு நல்ல சேதி சொல்கிறவர் மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "மூடி வெச்சிருக்கற வரைக்கும் அருமையான லேப்டாப்புங்க. தொறந்தாத்தான் தொந்தரவு."

மேனேஜரின் கணக்கு

எங்கள் மேனேஜர் பிரபுவுக்கு என் வயதில் பாதி. அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு பில் மெஷினில் தாள் போடச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதை அவன் மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை. இப்போது என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமலே பேசுவான்.

ஒரே மாதத்தில் என்னிடம் வாங்கின இரண்டு பேர் மாற்றிவிட்டார்கள், முதலாளி கேட்கிறார் என்றான். எது வேண்டும் என்று அடம் பிடித்தது அவர்கள், திட்டு வாங்குவது நானா என்றேன். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இன்னொண்ணு திரும்பி வந்துச்சுன்னா நீங்க பின்தெரு குடோனுக்குப் போயிருங்கண்ணா. அங்க ஆரும் எதையும் மாத்தச் சொல்லி வரமாட்டாங்க."

மாமன் வைத்த சீர்

அந்த வாரம் சனிக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து ஒரு கொப்பரை வியாபாரி வந்தார். மறுநாள் அவருடைய அக்கா வீட்டில் கிரகப்பிரவேசம். பிறந்த வீட்டுச் சீரோடு, கோயம்புத்தூரில் கல்லூரி சேரப்போகும் அக்கா மகளுக்கு ஒரு லேப்டாப்பும் தட்டில் வைக்க வேண்டும். பிள்ளை தினமும் பஸ்ஸில் வருமா, விடுதியில் தங்குமா என்று கேட்டேன். பஸ்தான் என்றார். அப்படியானால் பதினாலு இன்ச் எடுங்கள், பிள்ளை தோளில் சுமக்க வேண்டியது என்று எடுத்து வைத்தேன். அதைப் புரட்டிப் பார்த்து, "இதென்னுங்க, சிலேட்டாட்ட?" என்றார்.

நான் விடவில்லை. குடோன் பயம் எனக்கு. பெரியது வாங்கினால் திரும்பி வரும் என்று வாய்விட்டே சொன்னேன். "டி.வி. வித்தவருதானே நீங்க? சீர் வெக்கறது நானு. உங்ககிட்ட ரோசனை கேக்கலீங்க" என்றார். அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை. பதினேழு இன்ச்சை எடுத்து, பெட்டியை நிறுத்தி வைத்து, பின்னால் நடந்து கதவருகில் நின்று பார்த்தார். அப்புறம்தான் முகம் மலர்ந்தது: "இது சரிங்க. பந்தல்ல கடைசி வரிசையில உக்காந்திருக்கற ஒறம்பரை சனத்துக்கும் தெரியோணுமில்ல?"

ஏழாம் நாள்

அடுத்த சனிக்கிழமை, போர்டுப்படி கடைசி நாள், அந்தப் பெண் தனியாக வந்தாள். பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். செங்கல் கனத்துக்கு சார்ஜர் வேறு. ஒரு வாரமாகப் பொள்ளாச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து போனதில் தோள் வீங்கிவிட்டதாம். வகுப்பில் கைப்பலகை வைத்த நாற்காலி. அதில் இது பாதி வெளியே தொங்குகிறது. இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் இறங்கிவிடும். பிளக் இருப்பதோ வாத்தியார் மேஜைக்குப் பக்கத்தில். "மாத்திக் குடுங்க அங்கிள். மாமனுக்குத் தெரிஞ்சா மனசு சங்கடப்படுவாரு, அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றாள்.

பிரபு என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "திங்கக்கெழமை வரச் சொல்லுங்கண்ணா, ஏழு நாள் தாண்டிரும். உங்களுக்கும் நல்லது" என்று காதில் ஓதினான். அவன் சொன்னது சரிதான். இரண்டு நாள் இழுத்தால் என் கவுன்டர் எனக்கு. எனக்கு நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். பிரபு சொல்லி நான் ஒன்றைச் செய்ததாக இருக்கக் கூடாது, அந்த மாமன் ஜெயித்ததாகவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதே விலையில் பதினாலு இன்ச், உள்ளே இன்னும் வேகமானதாகவே இருந்தது. மாற்றும் தாளில் என் பெயரைப் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் திருப்பிக் கொண்டுவந்த பெட்டிக்குப் பதிலாக, டிஸ்ப்ளேவில் இருந்த பதினேழு இன்ச்சின் காலிப் பெட்டியையும் கொடுத்தேன், வீட்டு அலமாரி மேல் மாமன் கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும் என்று.

பையை மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு நடை நடந்து பார்த்தாள். தோளை ஒரு குலுக்குக் குலுக்கினாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அவள் சொன்னது: "ஏனுங்க அங்கிள், இத்தனை வருசமா கடையில இருக்கறீங்க, மாமன் வாங்கறப்பவே நீங்க ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாமில்ல?"

இதைக் குடோனில், சாய்ந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எத்தனை இன்ச் என்று கேட்டு வருகிறவருக்கு விடை வீட்டிலேயே தெரியும், அது தப்பாகிறபோது திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் கடைக்காரன் என்று ஒருவனைச் சம்பளம் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.