சக்கரபாணி படிக்காத உதவிப் பக்கம்

மரக்காணம் உப்பளத்தில் முப்பத்தொரு வருஷம் மேஸ்திரியாக இருந்த சக்கரபாணி, உப்புநீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, அடர்த்தி இருபத்திரண்டு டிகிரி என்பார். பிறகுதான் கண்ணாடி மானியை மிதக்க விடுவார். அது இருபத்திரண்டரை காட்டினால் மானியைத் திட்டுவார்.

நாக்கை நம்பி ஒரு தொழிலா என்று நினைத்தாள் அவர் மகள் கலைமதி. சென்னையில் புள்ளியியல் படித்தவள். ‘ஆர்’ (R) என்ற கணினி மொழியில் ஒரு நிரல் தொகுப்பு எழுதினாள். தினமும் தேதியையும் டிகிரியையும் போட்டால், தேக்கி வைத்த உப்புநீரை எந்த நாளில் உப்பு விளையும் பாத்திக்குத் திறக்கலாம் என்று சொல்லும். கூடவே பிரவுசரில் திறக்கும் உதவிப் பக்கங்கள், தமிழில், படங்களோடு. அவற்றை எழுத மட்டும் மூன்று மாதம். தான் வேலை பார்த்த மென்பொருள் அலுவலகத்தில் காட்டிக் கைத்தட்டல் வாங்கினாள். அப்பாவின் லேப்டாப்பில் தொகுப்பை அவளே ஏற்றிக் கொடுத்தாள். உதவிப் பக்கம் திறக்கிறதா என்று பார்க்கவில்லை. எழுதியவளுக்கு எதற்கு உதவி?

சீசன் தொடங்கியதும் போன் வந்தது.

“ஏம்மா, உன் மிஷினு பன்னெண்டாம் தேதி வரைக்கும் சும்மா இருந்துச்சு. பதிமூணுல இருந்து சிவப்பு சிவப்பா கத்துது. அதுக்கு பதிமூணு ஆவாது போல.”

“டாக்குமெண்ட்ல இருக்கு. படிப்பா.”

“எங்க இருக்குது?”

“உள்ளயே இருக்குது. அதுக்குத்தான உக்காந்து எழுதுனேன்.”

“சரிம்மா. எனக்குதான் தெரியல போல.”

இப்படிப் பதினொரு தடவை. எங்கப்பாவும் நம்ம கஸ்டமர் மாதிரிதான், எதையும் படிக்க மாட்டார் என்று சக ஊழியர்களிடம் சொல்லிச் சிரித்தாள். பன்னிரண்டாவது போன் வரவில்லை. ஒருவழியாகப் படித்துவிட்டார் என்று தன் எழுத்தை மெச்சிக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் பாத்திகள் முழுகிக் கிடந்தபோது அவருக்கு நெஞ்சுவலி. பாண்டிச்சேரி போகும் வழியிலேயே போய்விட்டார்.

தை மாதம், அவரோடு வேலை பார்த்த சுப்ராயன் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு சென்னையில் அவள் வீட்டுக்கு வந்தார். மேஸ்திரி வேலை இப்போது அவருக்கு. தண்ணீர் திறக்கும் நாளை இதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

“எல்லாம் உள்ளயே இருக்குது சித்தப்பா” என்று கலைமதி உதவியைத் தட்டினாள். அப்படிப் பக்கம் எதுவும் இல்லை என்று ஒரு வரி வந்தது. மறுபடி தட்டினாள். அதே வரி.

புரிய ஒரு நிமிஷம் ஆனது. தொகுப்பைக் கட்டி ஏற்றும்போது, பக்கங்களையும் சேர்த்துக் கட்டு என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நிரல் மட்டும் போய்ச் சேரும். அவள் சொல்லவில்லை. பக்கங்கள் அவள் கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக இருந்தன. இதே தவறைச் செய்யும் புதியவர்களை அவள் வகுப்பெடுத்துத் திட்டுவது வழக்கம்.

“இந்த வரிதான் அவருக்கும் வரும்” என்றார் சுப்ராயன். “‘எம்பொண்ணு உள்ள வச்சிருக்குது, எனக்குத் தொறக்கத் தெரியல’ம்பாரு. அப்பறம் அவரே கண்டுபுடிச்சாரு. நாள முன்னாடி போட்டா அது மாசம்னு எடுத்துக்குதாம். பதிமூணாவது மாசம் ஏதுன்னு கத்துதாம். வருஷத்த முன்னாடி போட்டா கம்முனு இருக்குதாம். அதக் கண்டுபுடிக்க ஒன்னரை மாசம் ஆச்சு.”

“என்னைக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டாராமே. படிக்கச் சொன்னியாம்.”

கலைமதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

தன் கம்ப்யூட்டரைத் திறந்து, பக்கங்களைச் சேர்த்துத் தொகுப்பை மறுபடி கட்டினாள். லேப்டாப்பில் ஏற்றி, நெட்டை அணைத்துவிட்டு, உதவியைத் தட்டினாள். திறந்தது. மூன்று முறை மூடித் திறந்து பார்த்தாள்.

சுப்ராயன் முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். அன்றைய டிகிரியை அவரே போட்டார். திறக்க இன்னும் பத்தொன்பது நாள் என்று வந்தது.

“புரியலன்னா போன் பண்ணுங்க சித்தப்பா.”

“படிச்சுப் பாத்துட்டுப் பண்றேம்மா.”

“படிக்காமயே பண்ணுங்க” என்றாள்.