கம்பியைத் தொடப் பயந்த காலம்

கித்தார் வாசிப்பவன் கம்பியைத் தொடப் பயந்தால் அவனிடம் எஞ்சுவது ஒன்றுமில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில், ஏறக்குறைய இரண்டு மாதம், நான் அவ்வாறு பயந்துகொண்டிருந்தேன். எவரிடமும் சொல்லவில்லை.

அப்போது பினாங்கில் ஓர் இன்னிசைக் குழுவில் மின்கித்தார் வாசித்துவந்தேன். பகலில் அலுவலக எழுத்தர். வார இறுதிகளில் கல்யாணங்களும் கோயில் விழாக்களும். என் கித்தாரில் ஒரு குறை இருந்தது. கம்பிகளின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் காந்தச் சுருளைப் பிக்கப் என்பார்கள். என்னுடையது பழையது, பாட்டின் இடைவெளிகளிலெல்லாம் உறுமும். குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிப்பவர்; எல்லாருக்கும் அண்ணன். ஒத்திகையில் ஒருநாள் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார்.

"யாருடா இங்க லோரியக் கொண்டாந்து நிறுத்துனது? இந்தச் சத்தம் போகலன்னா நான் வேற ஆளப் பார்க்கணும்லா."

அந்த வேறு ஆள் பக்கத்திலேயே, சுங்கை பினாங்கு வட்டாரத்தில் இருந்தார். என்னைவிட நன்றாக வாசிப்பவர் என்பது எனக்கும் தெரியும். ஆகவே மேடைக்காரர்கள் பலர் செய்யும் தவற்றை நானும் செய்தேன். என் ஆம்ப்ளிஃபயரின் மூன்று முனைப் பிளக்கைத் திறந்து, பச்சையும் மஞ்சளுமான எர்த் கம்பியை வெட்டி, நுனியைச் சுருட்டி உள்ளே வைத்து மூடிவிட்டேன். உறுமல் பாதியாகக் குறைந்தது; அந்தப் பாதி பிக்கப்பினால் வந்ததல்ல, எர்த் வழியாகப் பெட்டியே போட்டது. அண்ணன் தலையசைத்தார். பெட்டிக்குள் எங்கேனும் மின்சாரம் கசிந்தால் அதை மண்ணில் இறக்கிவிட இருப்பது அந்த ஒரு கம்பிதான் என்பதை அறியாமல் செய்தேன் என்று சொல்வதற்கில்லை. கசியாது என்று நம்பினேன்.

கசிந்தது. கோயில் மண்டபம் ஒன்றில் கல்யாணம். செருப்பைக் கழற்றிவிட்டே மேடையேறவேண்டும். தரையை அப்போதுதான் கழுவியிருந்தார்கள். இடக்கை கம்பிகளின்மேல் இருக்க, உடன்பாடுவதற்காக மைக்கை நோக்கிக் குனிந்தேன். அதன் வலையில் உதடு பட்டது. தாடையை உள்ளிருந்து யாரோ பற்றி முறுக்கினார்கள். கம்பிகளிலிருந்து கையை எடுக்க எண்ணினேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை. பின்புறமாகச் சரிந்து விழுந்ததனால் பிழைத்தேன். வழுக்கிவிட்டது என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரும்பின் சுவை இரண்டு நாள் வாயை விட்டு அகலவில்லை.

அதன்பின் ரப்பர் அடிவைத்த சப்பாத்து இல்லாமல் ஒத்திகைக்குப் போவதில்லை. உடன்பாடுவதையும் தொண்டைவலி என்று சொல்லி நிறுத்திவிட்டேன். வீட்டில் விளக்குச் சுவிட்சைச் சட்டையின் கைமடிப்பால் தட்டுவதைப் பார்த்து மனைவி என்னவென்று கேட்டாள். கை ஈரம் என்றேன். இவையெல்லாம் தைப்பூசம்வரைதான் செல்லும். தண்ணீர்மலைச் சாலையில் தண்ணீர்ப்பந்தல் ஒன்றில் ஆண்டுதோறும் நாங்கள் வாசிப்போம். அங்கே சப்பாத்தணிந்து முருகன் பாட்டு வாசித்தவர் எவருமில்லை. எர்த்தை மீண்டும் இணைத்தால் உறுமல் திரும்பும், என் இடம் போகும். இணைக்காவிட்டால் ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடித்தான் பிக்கப் வாங்கப் போனேன்.

சூலியா தெருவில் ஒலிக்கருவிகளைப் பழுதுபார்க்கும் கடை. கடைக்காரர் என் வயதினர். நான் பாய் என்பேன், அவர் அண்ணே என்பார். வயிற்றை அகலமாகக் குடைந்த பழைய கித்தார் ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்திருந்தார். எந்தப் பிக்கப்பையும் அதில் இறக்கிக் கேட்டுப் பார்க்கலாம்.

"இது ரெண்டு சுருள் அண்ணே. ஒண்ணு உறுமுனா இன்னொண்ணு அத அமுக்கிடும். புருஷன் பொண்டாட்டி மாதிரி."

"எங்க வீட்டுல ரெண்டும் சேர்ந்துல்ல உறுமும், பாய்."

"அப்ப உங்க வீட்டுலதான் வயரிங் தப்பு!"

மீட்டினேன். அடுத்த சுரம் வரும்வரை முந்தைய சுரம் இடம்விட்டு அசையாமல் நின்றது. அண்ணன் கேட்டுவந்த கனமும் அதுதான். நான் கேட்க விரும்பியதும் அதுதான். கித்தாரைத் திருப்பினேன். கம்பிகளின் அடியிலிருந்து மெல்லிய வயர் ஒன்று உள்ளே ஓடியது: கம்பிகளை ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடலோடு சேர்க்கும் வயர். கல்யாண மேடையில் மின்சாரம் என் கித்தாரின் அதே வயர் வழியாகத்தான் என் கைக்கு வந்தது.

"இந்த வயர எடுத்துட்டா?"

"எடுத்தா, கை எடுத்த ஒடனே கொசு மாதிரி கத்தும்." மற்றொரு பெட்டியைத் திறந்தார். "வயரே வேணாம்னா இது. பேட்டரில ஓடுறது. நீங்க கம்பியக் கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

அதையும் மாட்டிக் கேட்டேன். இரைச்சல் துளியும் இல்லை. துலக்கிய எவர்சில்வர்த் தட்டைச் சுண்டியதுபோல் சுத்தமான, மெலிந்த ஒலி. மரியாதைக்காகச் சிறிது நேரம் மாற்றி மாற்றி வாசித்தேன். காதைக் கேட்டு முடிவு செய்ய வந்தவன்போல் நடந்துகொண்டேன். பாதங்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தன.

"இதையே போட்டுருங்க, பாய்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன அண்ணே, கரண்ட் தாக்குதா? பயமா இருக்கா? ஆம்ப்ல எர்த் சரியா இருந்தா எந்தப் பிக்கப்பும் ஒண்ணும் செய்யாதே. எர்த் இருக்குல்ல?"

"இருக்கு," என்றேன்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் முற்பகல் தேர் வரும் முன்னரே சாலையெங்கும் தேங்காய் உடைத்திருந்தார்கள். பந்தலில் மோர்த்தொட்டிகள் வழிந்து, மேடையில் விரித்த பாய்வரை ஈரம் ஊறியிருந்தது. வெறுங்காலோடு ஏறிக் கம்பிகளில் விரல் வைத்தேன். ஒன்றுமில்லை. இரண்டு மாதத்தில் முதன்முறையாக மூச்சு அடிவயிறுவரை இறங்கியது.

பேஸ் கித்தார் வாசிப்பவர் என் பள்ளித் தோழர், ஃபெரியில் வேலை. வழக்கமாக அவருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் உண்டு. அன்று அதைக் காணோம்.

"வேன்ல எடம் இல்ல," என்றார் அண்ணன். "ரெண்டு பேரும் இவன் பெட்டியிலயே வயரக் குத்திக்குங்க."

தோழர் செருப்பை மேடைக்குக் கீழே கழற்றிவிட்டு, கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஈரப்பாயின்மேல் வயரோடு நடந்து வந்தார். அவருடைய கித்தாரில் பேட்டரி இல்லை. கம்பிகளிலிருந்து உள்ளே ஓடும் வயர் இருந்தது. இன்னும் நான்கடி. பந்தலின் முன் நூறு பேர் நின்றார்கள். சொன்னால் என் இடம் போய்விடும் என்ற எண்ணம் அந்த நான்கடிக்குள்ளும் எனக்கு வந்தது; அதை மறைப்பதற்கில்லை. அவர் வலக்கையில் வயரைப் பிடித்து, கம்பிகளின்மேல் இடக்கையை வைத்தவாறு பெட்டியின் முன் குனிந்தார். நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"என்னடா பண்ற?" என்றார் அண்ணன்.

"எர்த் வயர நான் வெட்டிட்டேன். பெட்டியில கரண்ட் கசியுது. அன்னைக்குக் கல்யாணத்துல நான் வழுக்கி விழல."

தோழர் என் கித்தாரைப் பார்த்தார். அதன் புதுப் பிக்கப்பைப் பார்த்தார்.

"அதான் பேட்டரி போட்டது வாங்குனியா, மச்சான்? ஒனக்கு மட்டும்?"

தேங்காய் உடைப்பவரிடம் கத்தி வாங்கி, மேடையிலேயே உட்கார்ந்து பிளக்கைத் திறந்தேன். எர்த் கம்பியின் நுனியைச் சீவி, பழைய இடத்தில் முறுக்கித் திருகினேன். பிளக்கை மாட்டியதும் உறுமல் திரும்பியது. கனத்து, வெட்கமில்லாமல், பந்தல் முழுதும் கேட்டது.

"சரி, வயரக் குத்து," என்று தோழரிடம் சொன்னார் அண்ணன்.

தோழர் அசையவில்லை. "இவன் சொன்னா ஆச்சா?" என்னிடம் திரும்பினார். "மொதல்ல நீ பெட்டியத் தொடு."

புறங்கையை நீட்டினேன்; மின்சாரம் அடித்தால் கை இறுகிப் பற்றாமல் விலகிவிடும் என்று மின்வேலைக்காரர்கள் அப்படித்தான் தொடுவார்கள்.

"அப்படி இல்ல. உள்ளங்கை. பாயில நின்னுக்கிட்டு."

எழுந்து இரண்டு பாதங்களையும் ஈரத்தில் ஊன்றினேன். என் திருகலை நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை. தாடை தானாகவே இறுகியது. ஆம்ப்ளிஃபயரின் இரும்புத் தகட்டின்மேல் உள்ளங்கையை முழுதாக வைத்து, விரல்களையும் மடக்கிப் பற்றினேன். உறுமலின் அதிர்வு மட்டும் கையில் ஏறியது. எடுக்கலாமா என்று தோழரைப் பார்த்தேன். அவர் அவசரப்படவில்லை; தம் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுதி சேர்க்கத் தொடங்கினார். கடைசியான நாலாவது கம்பியும் சேர்ந்தபின்னரே, "போதும்," என்றார்.