மலையைச் சுற்றிப் படித்த இங்கிலீஷ்

எஸ்.எஸ்.எல்.சி.யில் என் அக்கா மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, இங்கிலீஷில் மட்டும் தவறிவிட்டாள். இன்னொரு தடவை எழுதலாம். அதிலும் போனால் போளூரில் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். அக்காவுக்கோ டீச்சர் டிரெயினிங் போக வேண்டும்.

அவளைக் கவிழ்த்தவை மரபுத்தொடர்கள். பிள்ளைகளே, இங்கிலீஷில் சில தொடர்களை வார்த்தை வார்த்தையாகப் பிரித்தால் ஒன்றும் விளங்காது. மொத்தமாகச் சேர்த்துத்தான் பொருள். வீட்டில் உட்கார்ந்து உருப்போட்டால் அக்காவுக்கு ஒன்றோடொன்று குழம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அம்மாவும் அக்காவும் நானும் கிரிவலம் போனோம். மலையைச் சுற்றி எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம் இருக்கிறதே, ஒவ்வொரு சன்னதியிலும் ஒரு தொடரை வைத்துவிட்டால் என்ன என்று அக்காவுக்கு அப்போதுதான் தோன்றியது.

அக்னி லிங்கத்தில் ‘ஆட் ஃப்யூயல் டு தி ஃபயர்’, இருக்கிற சண்டையைக் கிளறிவிடுவது. வாயு லிங்கத்தில் ‘பில்ட் கேஸில்ஸ் இன் தி ஏர்’, மனக்கோட்டை கட்டுவது. எம லிங்கத்தில் ‘கிக் தி பக்கெட்’. செத்துப்போவது என்று அக்கா பொருள் சொன்னதும் அம்மா பதறிவிட்டாள்.

“சாமி எதிர்ல சாவைப் பத்திப் பேசுவாங்களாடி?”

“எமன்கிட்ட வேற எதைம்மா பேசறது?”

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மா பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனாலும் வாராவாரம் கூடவே நடந்து, ஒவ்வொரு லிங்கத்திலும் கும்பிட்டு முடித்ததும், “இங்க என்னாடி?” என்று கேட்பாள். போகப் போக, அக்கா தடுமாறினால் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பரீட்சையில் கேட்ட ஒரு தொடரின் பொருள் சுத்தமாக மறந்துபோனதாம். அக்கா பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடி, இந்திர லிங்கத்திலிருந்து மனசுக்குள் நடக்க ஆரம்பித்தாளாம். வருண லிங்கத்தில் ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ காத்துக்கொண்டிருந்தது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டுவது என்று எழுதிவிட்டு வந்தாள்.

அக்கா பாஸ். அப்பாவே போளூருக்கு ஆள் அனுப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டு, அவளை வேலூரில் டிரெயினிங் சேர்த்துவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறும் அம்மா என்னை எழுப்பிக் கூட்டிப்போனாள். அக்னி லிங்கத்தில் கும்பிட்டு நிமிர்ந்தவள், இங்கிலீஷையும் பொருளையும் பிசகில்லாமல் சொல்லி, “சரியாடா?” என்று கேட்டாள். இரண்டாவது படிக்கிற எனக்கு என்ன தெரியும்? தலையாட்டினேன். முகமெல்லாம் சிரிப்பாக அடுத்த லிங்கத்துக்கு நடந்தாள். அக்காதான் பாஸ் பண்ணிவிட்டாளே, இனி யாருக்காக இதையெல்லாம் சொல்கிறாள் என்று புரியாமல், அவள் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பின்னாலேயே ஓடினேன்.