கிப்ட் என்று எழுதிய டப்பா

மெட்ரிக்குலேஷனில் இரண்டு தடவை தோற்றவன் நான். ஆனாலும் ஊரிகம் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் இங்கிலீஷ் என்றால் இந்த ஏனோக்குதான். யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். தெரியாத வார்த்தை வந்தால் கொஞ்சம் சத்தமாக வாசித்துத் தாண்டிவிடுவேன்.

1898 கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். சுரங்க ஸ்டோரில் நான் கிளார்க்கு. பங்காருபேட்டையிலிருந்து ரயிலில் வந்த பெட்டிகளுக்கு நடுவே, பட்டியலில் இல்லாத சின்னத் தகர டப்பா ஒன்று இருந்தது. மேலே கறுப்பு மையில் ஒரே வார்த்தை: கிப்ட். பண்டிகைக்குத் துரைமார் அனுப்பிய பரிசு என்று முடிவு கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஆட்டினால் கற்கண்டு மாதிரி குலுங்கியது.

"பாயசத்துல போடு" என்றேன் என் மனைவி சாராவிடம்.

"யாருக்குன்னு பேர் போடலையே. இன்னா, ஏதுன்னு கேட்டுட்டு வாங்க."

கேட்கப் போகவில்லை, நன்றி சொல்லப் போனேன். இரண்டு வருஷமாகத் தங்கம் பிரிக்கிற வேலையைப் பார்த்துவந்த ஜெர்மன் துரையிடம், "கிப்ட் கிடைத்தது ஐயா, இன்று பாயசத்தில் போடுகிறோம்" என்று என் முழு இங்கிலீஷையும் கொட்டினேன்.

அவர் தொப்பி கூட இல்லாமல் என் வீட்டுக்கு ஓடினார். ஏனென்று தெரியாமல் நானும் பின்னாலேயே ஓடினேன்.

டப்பா திறக்காமல் பரண்மேல் இருந்தது. துரை அதை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருந்தது தங்கம் பிரிக்கிற சயனைடு. அவர் பாஷையில் கிப்ட் என்றால் விஷமாம்.

மூச்சு வாங்கியதும் சொன்னார்: "இரண்டு பாஷைக்கும் ஒரே வார்த்தைதான். 'கொடு' என்பதிலிருந்து வந்தது. எங்களுக்கும் ஒரு காலத்தில் பரிசுதான். அப்புறம் வைத்தியர் கொடுக்கும் மருந்தையும் அப்படிச் சொன்னோம். விஷத்தை விஷம் என்று சொல்லக் கூசி, அதையும் அப்படியே சொல்லி, கடைசியில் அந்த அர்த்தமே நின்றுவிட்டது."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். சாராவுக்கு வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் சாதாரணமாகச் சொன்னாள்:

"இதுல இன்னா அதிசயம்? மருந்து குடிச்சிட்டான்னு நாம சொன்னா, இருமலுக்கா குடிச்சான்?"

இதை நான் இங்கிலீஷில் சொன்னபோது துரை எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

அதன்பிறகு கடிதம் கொண்டுவருகிறவர்கள், நான் வாசித்து முடித்ததும், "அக்கா, சரியாத்தான் சொல்றாரா?" என்று உள்ளே பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்கள். அவளுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. "இன்னொரு தடவை மெதுவா படிக்கச் சொல்லுங்க" என்பாள். நானும் படிப்பேன்.