இழுப்புக்காரி ஏறிய மலை

திருத்தணியில் பிறந்து வளர்ந்தும் ஐம்பது வயது தாண்டும் வரை மலைப்படியில் கால் வைக்காதவள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். மலைமேல் போகாதவள் இல்லை. எத்தனையோ தடவை போயிருக்கிறேன், எல்லாம் வண்டியில். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டில் காவடி எடுத்துக்கொண்டு எல்லாரும் படியேறுவார்கள். மாற்றுத்துணி, புளிசாதத் தூக்கு, தண்ணீர் கேன், அத்தனை பேருடைய செருப்பு எல்லாவற்றையும் ஒரு ஆட்டோவில் ஏற்றி, கூடவே என்னையும் ஏற்றி, ரோடு வழியாக மேலே அனுப்பிவிடுவார்கள். நான் நிழலாக ஓர் இடம் பிடித்து மூட்டைகளுக்குக் காவல் இருப்பேன். அவர்கள் வேர்க்க விறுவிறுக்க அரோகரா போட்டுக்கொண்டு வந்து சேரும்போது முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பேன். முருகனுக்கு அடுத்தபடியாக அந்த மலைமேல் அதிக நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது நானாகத்தான் இருக்கும்.

காரணம் இழுப்பு. சின்ன வயதில் மழைக்காலம் வந்துவிட்டால் என் மார்புக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும். நைனா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு அரக்கோணத்து டாக்டரிடம் ரயிலேறுவார். ஊசி போட்டால் நாலு நாள் நிற்கும், பிறகு மறுபடியும் பூனைக்குட்டி. ஒரு ஐப்பசி மழையில் எனக்கு உதடு நீலம் பாரித்துவிட்டதாம். அம்மா வாசலில் நனைந்துகொண்டே மலையைப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டாள். இழுப்பு நின்றால் இவள் கையைப் பிடித்து நடையாகவே படியேற்றிக் கூட்டி வருகிறேன் என்று.

இழுப்பு நின்றது. நான் வயசுக்கு வந்த வருஷத்தோடு போனது, அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. வளர வளரச் சில பேருக்கு இப்படிப் போய்விடும் என்றார் டாக்டர். முருகன்தான் என்றாள் அம்மா. யார் நிறுத்தியிருந்தாலும் சரி, அந்த மாதமே படியேறி முடித்திருக்க வேண்டிய காரியம். அங்கேதான் எங்கள் குடும்பம் தன் புத்தியைக் காட்டியது. வேண்டுதல் தீர நான் படியேற வேண்டும். படியேறினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் போன இழுப்பு திரும்பி வந்துவிடும். குணமானதற்கு நன்றி சொல்லப் போய் குணத்தையே கெடுத்துக்கொள்வதா? அம்மாவுக்குச் சாமியிடமும் பயம், இழுப்பிடமும் பயம். இரண்டில் இழுப்பைத்தான் அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அதனால் ஒவ்வொரு கிருத்திகைக்கும், "இந்த வருஷம் வெயில் ஜாஸ்தியா கீது, அடுத்த வருஷம் ஏத்திக்கலாம்" என்று சாமிக்கே தவணை சொல்லி என்னை ஆட்டோவில் ஏற்றுவாள்.

எனக்கும் அது வசதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. கோபமாக வரும். ஆனால் எல்லாரும் சேர்ந்து நம்புகிற ஒன்றை நாம் மட்டும் எப்படி நம்பாமல் இருப்பது? அம்மையார்குப்பத்தில் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டுப் போனேன். விசைத்தறிப் பஞ்சுத் தூசியிலேயே சமைத்து, சாப்பிட்டு, பிள்ளை பெற்றேன். ஒரு தும்மலுக்கு மேல் எதுவும் வந்ததில்லை. அப்படியும் என் மகனுக்கு முதல் முடி இறக்க வந்தபோது அவனைத் தோளில் வைத்துப் படியேறியது என் அண்ணன். ஏறி முடித்து மேலே வந்த குழந்தை, நடந்த அதிசயத்தையெல்லாம் எனக்குக் கை நீட்டி நீட்டிக் காட்டியது. நான் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

போன வருஷம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் ஆயிற்று, நடை வரவில்லை. தறியை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் அண்ணன் வீட்டுக்கு வந்து தங்கினேன். படுக்கையில் விழுந்ததும் அம்மாவுக்குப் பழைய வேண்டுதல் பிடித்துக்கொண்டது. "கால்ல நடந்து ஏத்தறேன்னு சொல்லி ஏமாத்திட்டேன் இல்ல, அதான் காலையே எடுத்துட்டான்" என்பாள். அண்ணனுக்கு வியாபாரம் படுத்தாலும் அதுதான் காரணம், மோட்டார் தண்ணீர் ஏற்றாவிட்டாலும் அதுதான் காரணம். சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, "இந்த பாரத்தோட நான் போய்ச் சேரக் கூடாதுடி" என்று அழுவாள். அவளைக் குளிப்பாட்ட முடிந்தது, புரட்டிப் போட முடிந்தது. அந்தப் பயத்தைத்தான் எடுக்க முடியவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். "ஆங், ஆடிக் கிருத்திகை வரட்டும், எல்லாருமா போவலாம். நீ ஏறு, பின்னாடியே நாலு பேர் வரோம், மூச்சுக்கு அடிக்கிற பம்பு ஒண்ணு வாங்கி வச்சிக்கலாம்" என்றான். ஐம்பது வயதில் எனக்கு ஊர்வலம்! கிருத்திகை வரை அம்மா இருப்பாளா என்பதை அவன் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, அண்ணியிடம் கீரை வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டேன். காவல் இருக்க எனக்குத்தான் யாரும் இல்லையே.

முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது பயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு படிக்கும் மார்பை உற்றுக் கேட்டேன். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால்கூடக் காதில் விழுந்திருக்காது, அப்படி உள்ளேயே கவனமாக இருந்தேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் எனக்கு முன்னால் ஓர் அம்மாள் படிக்குப் படி மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறினாள். ஆந்திராப் பக்கம் போல. நான் அவளுக்குப் பின்னால் நின்று நின்று போனேன். அவள் திரும்பிப் பார்த்து, "நீங்க முந்திப் போங்கம்மா, நான் மெதுவாத்தான் வருவேன்" என்று ஒதுங்கினாள். முந்திப் போகச் சொல்லி ஒருவர் எனக்கு வழிவிட்டது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அவளைத் தாண்டிப் போகும்போது சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் மார்பைக் கேட்பதை விட்டுவிட்டேன். வேகமாக ஏற வேண்டும் போல இருந்தால் ஏறினேன், நிற்க வேண்டும் போல இருந்தால் நின்றேன். யாரும் மூச்சு வாங்குதா என்று கேட்கவில்லை. ஒரு நிழல் மண்டபத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். குளமும் வீட்டு மாடிகளும் தண்டவாளமும் ஒரே பார்வையில் தெரிந்தன. முழங்கால் கொஞ்சம் வலித்தது, முதுகு நனைந்திருந்தது. எந்தப் பெண்பிள்ளைக்கும் இருக்கிற வலி, எவருக்கும் வருகிற வியர்வை. எழுந்து இன்னும் சில திருப்பம் ஏறினேன், கோபுரம் வந்துவிட்டது.

இவ்வளவுதானா என்று நின்றுவிட்டேன். மலை என்னைக் கொஞ்சமாவது கஷ்டப்படுத்தியிருக்கலாம். பாதியில் உட்கார வைத்து, இருமவிட்டு, போதும் போ என்று சொல்லியிருந்தால், ஏறாமல் போன வருஷங்களுக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். சந்நிதியில் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கலாம், நைனா இருக்கும்போது அவரோடு ஒரு காவடிக்காவது ஏறியிருக்கலாம் என்று வரிசையாக வந்தது. பக்கத்தில் நின்றவர் என் அழுகையைப் பக்தி என்று நினைத்து, நான் முன்னால் போக இடம் கொடுத்தார். சந்தனப் பிரசாதம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். இறங்கும்போது படியில் இறங்கினேனா ஓடினேனா என்று தெரியாது. அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்கிற ஒரே நினைப்பு.

அம்மா விழித்திருந்தாள். சந்தனத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு வாய் ஊட்டிவிட்டுச் சொன்னேன். "நடந்தே ஏறிட்டேன்மா. உன் வேண்டுதல் முடிஞ்சிடுச்சு."

"யாரு கூட?"

"யாரும் இல்லம்மா, தனியாத்தான்."

நம்பாமல் என் காலைக் காட்டச் சொன்னாள். பாதத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. கையைத் தூக்கி மலைப்பக்கமாக ஒரு கும்பிடு போட்டாள். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை விழுந்த நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

என்னைக் கிட்டே இழுத்து என் மார்பில் கையை வைத்துப் பார்த்தாள். "ரொம்ப கஷ்டமா இருந்துச்சாடி?"

ஐம்பது வயதுக்காரிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிப் பெருமை. "ஒண்ணுமே இல்லம்மா. ரெண்டு எடத்துல குந்திகினேன், அவ்ளோதான். கடைக்குப் போய்ட்டு வர மாதிரி கீது" என்றேன்.

நிம்மதி அம்மாவின் முகத்தை விட்டுப் போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அவ்ளோதானா?" என்றாள். "அப்போ எனக்குக் காலு நல்லா இருக்கசொல்லவே உன் கையப் புடிச்சிகினு நானே ஏத்தியிருக்கலாமேடி."

"இல்லம்மா, நடுவுல ரொம்ப மூச்சு வாங்குச்சு. நெஞ்செல்லாம் அடைச்சிக்கினு, நிக்கவே முடியல" என்று அவசரமாக ஆரம்பித்தேன்.

என் மார்பில் வைத்த கையை அம்மா எடுக்கவில்லை. "பொய் சொல்லாதடி," என்றாள், "மூச்சு நல்லாத்தான் போய்கினு வருது."