வெறுங்கை நடை

எனக்குச் சீனி வியாதி இருக்கிறது என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி ஒரு கேள்வி கேட்டார். நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

"உடற்பயிற்சி செய்றீங்களா?"

நான் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவன். காலையில் ஆறரைக்கு உள்ளே போனால் மூன்றரைக்குத்தான் வெளியே வருவேன். அவ்வளவு நேரமும் கால்மேல்தான். அதைச் சொன்னேன்.

"நிக்கிறது பயிற்சி இல்லீங்க. நடக்கணும். அரை மணித்தியாலம், இடையில நிக்காம, சமதரையில. ஏத்தம் எறக்கம் வேணாம், முழங்கால் தேஞ்சி போயிருக்கு. பாரமும் தூக்கக் கூடாது."

"நேரமில்லீங்க மிஸ்ஸி."

"நேரத்தை நாமதான் ஒதுக்கணும்."

எங்கள் வீட்டில் நேரத்தை டின்னில் போட்டு மூடி வைத்திருக்கிற மாதிரி சொன்னார். மூன்று மாதத்தில் சீனி குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தார்.

ஊசிக்கு நான் பயப்படவில்லை, வேலை போய்விடுமோ என்றுதான் பயம். எங்கள் ஸ்டோரில் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மிஷினுக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு ஊசிக்காரர்களை உள்ளே விடுவதில்லை. அவருக்கு இப்போது வேலை இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவள் வர இன்னும் ஒன்றரை வருடம். இரண்டு பெண்பிள்ளைகளும் என் கையில். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஆறு. நான் விழுந்தால் மனைவி பாதியில் வரவேண்டும். பாதியில் வந்தால் போனதே வீண்.

ஆகவே நடக்க முடிவு செய்தேன்.

காலையில் முடியாது. நாலரைக்கு எழும்பி பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, சின்னவளுக்குத் தலை சீவி, இரண்டு பேரையும் கிளப்பிவிட்டுத்தான் ஸ்டோருக்கு ஓடுவேன். சாயங்காலம் விறகு, சோறு, துணி, வீட்டுப்பாடம். பெரியவள் கிளினிக் கொப்பியைப் படித்துப் பார்த்துவிட்டு அவளாகவே சொன்னாள்.

"நாலு மணிக்கு நீங்க போங்கப்பா. தங்கச்சிய நான் பாத்துக்கிறேன். அரிசியும் கழுவி வைக்கிறேன்."

முதல் நாள் எங்கள் லயத்து வீட்டுவரிசையில், வாசலை விட்டு வெளியே கால் வைத்தேன். இரண்டாவது வாசலிலேயே நிறுத்தினார்கள்.

"எங்க போறீங்க அண்ணே?"

"சும்மா நடக்க."

"சும்மாவா? அப்ப நானாவோட கடையில ரெண்டு தேங்கா வாங்கிட்டு வந்துருங்களேன்."

அடுத்த வாசலில் பாட்டரி. அதற்கடுத்த வாசலில் ஒரு கிழவர், ஃபோனுக்குக் காசு போட்டு வரச்சொன்னார். எங்கள் லயத்தில் வேலையில்லாமல் யாரும் நடப்பதில்லை. நடந்தால் அவன் கடைக்குப் போகிறான், இல்லாவிட்டால் குடிக்கப் போகிறான். மூன்றாம் நாள் பீலிக்கரையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது.

"பொஞ்சாதி வெளிநாட்டுல. இவரு தெனம் நாலு மணிக்கு எங்கயோ போறாரு."

"எங்கயோ இல்ல, யாரையோ பாக்க."

சிரித்தார்கள். நான் வாளியை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதில் இன்னொன்று. சமதரைக்கு எங்கே போவது? எங்கள் டிவிஷனில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகவே படி. தோட்டம் முழுக்கச் சமதரை என்று இருப்பது மூன்றே இடம். ஸ்டோர், கோயில் வாசல், பங்களா ரோடு. ஸ்டோரில் மிஷின் நிற்கிறது. கோயில் வாசல் முப்பது எட்டு எடுத்து வைப்பதற்குள் முடிந்துவிடும். பங்களா ரோடுதான் மலையைச் சுற்றி, சவுக்கு மரங்களுக்குக் கீழே, மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் போகிறது. பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். அந்த ரோட்டுக்குக் கல் போட்டபோது கல் சுமந்தவர்களில் நானும் ஒருவன்.

அங்கே கம்பு போட்ட கேட். கேட்டில் காவலுக்கு நிற்பவர் என் மனைவியின் பெரியப்பா மகன், எனக்கு மச்சான்.

"என்னா மச்சான், வேலையா போறியா, சும்மா போறியா?"

"நடக்கப் போறேன். டாக்டர் சொல்லியிருக்கு."

"வேலையா போனா தூக்குறேன். சும்மான்னா ஏலாது. கெஸ்ட் நடக்கிற ரோடு."

கெஸ்ட் நடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். கையில் குச்சி, முதுகில் தண்ணீர்ப் போத்தல். எங்கள் லயத்துக்குள்ளேயும் நடப்பார்கள். கொடியில் காயும் எங்கள் துணியைப் படம் எடுப்பார்கள். அவர்களை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. தேங்காயும் கேட்பதில்லை.

திரும்பி வந்தேன். இரண்டு வாரம் அப்படியே போனது. ஒருநாள் பெரிய மழை. லயத்து மழைநீர்க் கான் அடைத்துக்கொண்டது. மம்பட்டியால் வெட்டிவிட்டேன். தண்ணீர் சரியாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே கீழே கேட்வரை வந்துவிட்டேன். தோளில் மம்பட்டி. மச்சான் ஃபோனில் பேசிக்கொண்டே கம்பைத் தூக்கிவிட்டார். கேட்கவே இல்லை. நானும் நிற்கவில்லை. ரோட்டின் மறுமுனை வரை போய்த் திரும்பினேன். எதிரே வந்த இரண்டு கெஸ்ட் கைகூப்பி வணக்கம் வைத்தார்கள். லயத்துக்குத் திரும்பும்போதும் ஒரு வாசலிலும் யாரும் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து தினம் மம்பட்டியோடு போனேன். பாரம் கூடாது என்று மிஸ்ஸி சொன்னது ஞாபகம் இருந்தது. என்ன செய்வது? வெறுங்கையோடு போனால் வழி இல்லை. மச்சானுக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"மச்சான், இன்னைக்கு எந்தக் கானை வெட்டப் போற?"

"வாயை மூடிக்கிட்டு கம்பைத் தூக்கு."

வீட்டில் சின்னவள் கேட்டாள். "அப்பா, நடக்கிறதுக்கு எதுக்கு மம்பட்டி?" சொல்ல வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் ஹோட்டல் மனேஜரின் வாகனம் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார்.

"ஆ, நல்லதாப் போச்சு. அந்த வளைவுல கான் அடைச்சிருக்கு. கிளீன் பண்ணிட்டுப் போ."

செய்தேன். வாய் தன்னால் சரிங்க என்றது, கை தன்னால் வெட்டியது. முடிந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு நடை இல்லை. வீட்டில் பெரியவள் ஒரு கையில் பள்ளிக் கொப்பியும் மறுகையில் அகப்பையுமாக நின்றாள். அந்த அரை மணித்தியாலம் அவள் படிக்கிற நேரம். எனக்குக் கொடுத்தாள். நான் அதை ஹோட்டல் கானில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாளும் அதே வாகனம்.

"நேத்து மாதிரி அந்தப் பக்கத்தையும் எடுத்துவிடு."

"நான் வேலைக்கு வரல சார். நடக்க வந்தேன்."

"நடக்கவா? மம்பட்டி எதுக்கு?"

"அது இல்லாட்டி உள்ள விடமாட்டீங்க."

கிளினிக் கொப்பியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை.

"அப்ப ஒங்க டிவிஷன்ல நடக்கலாம்தானே?"

"எங்க டிவிஷன்ல சமதரை இல்லைங்க. இருந்த சமதரையிலதான் பங்களா கட்டியிருக்கு."

என் வாழ்க்கையில் ஒரு மனேஜரிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நடந்து முடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

அடுத்த நாள் மச்சான் கேட்டுக்கு வெளியிலேயே என்னைப் பிடித்தார்.

"மனேஜர் ஐயா சொல்லிட்டாரு. காலையில ஆறு மணிக்கு முன்னுக்குன்னா நடந்துக்கலாமாம். கெஸ்ட் எழும்ப முந்தி."

"ஆறு மணிக்கு முன்னுக்கு நான் ரொட்டி தட்டுறேன்."

"அத நான் ஐயாகிட்ட சொல்லவா?"

"சொல்லு. நான் நாலு மணிக்குத்தான் வருவேன்."

"மம்பட்டி?"

"வீட்டுல."

மச்சான் என் கைகளைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார்.

"எனக்கும் வேலை வேணும் மச்சான்," என்றார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "சரி. நாலு மணிக்கு நான் தேத்தண்ணி குடிக்க உள்ள போவேன். அந்த நேரம் கம்புக்குக் கீழ யாரு குனிஞ்சு போனா எனக்கென்ன தெரியும்?"

அது எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. கல் சுமந்த ரோட்டில் திருடனைப் போலக் குனிந்து போகவேண்டும். ஆனால் நடக்கவும் வேண்டும். நடந்தேன்.

மூன்று மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போனேன். சீனி குறைந்திருந்தது. ஊசி இப்போதைக்கு இல்லை என்றார் மிஸ்ஸி. சிரித்தார்.

"பாத்தீங்களா? ஒதுக்கினா நேரம் இருக்கு."

"ஒதுக்கினது என் மகள் மிஸ்ஸி."

"அப்படியா? கெட்டிக்காரி. எங்க நடக்கிறீங்க?"

சொன்னேன். மம்பட்டி, மனேஜர், தேத்தண்ணி, எல்லாம். அவர் பேனாவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டது. பிறகு கொப்பியில் "நடையைத் தொடரவும்" என்று எழுதினார். எங்கே என்று எழுதவில்லை.

பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மூன்றே முக்கால். பெரியவளிடம் ஊசி இல்லை என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அரிசியை எடுத்தாள். நான் கேட்டுக்குப் போனேன்.